எர்த் கம்பி

எங்கள் தீவில், ராக்கிராக்கி ஊரில், பினாங்கு என்று பெயர் கொண்ட சர்க்கரை ஆலையை ஒட்டிய வீட்டில் அந்தப் பெரியவர் தனியாக இருந்தார். தனியாக இருந்தும் காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி, தன் ரெக்கார்ட் பிளேயரோடு மாட்டித் தர என்னை அழைத்திருந்தார். மாட்டினேன். பாட்டு போடாதபோதும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்தது. ரெக்கார்ட் பிளேயரின் எர்த் கம்பியை இணைத்தேன்; இரைச்சல் சுத்தமாக நின்றது. பெருமையோடு நிமிர்ந்தால், அவர் முகம் வாடியிருந்தது.

"அந்தச் சத்தத்தத் திருப்பிக் கொண்டாந்துடு, தம்பி."

"அது பழுது, மாமா."

"அச்சா, பழுதாவே இருக்கட்டும். ஆலை ஓடுற மாசமெல்லாம் வூட்டுக்குள்ள இப்பிடித்தான் கேக்கும். இப்பக் கரும்பு முடிஞ்சு ஆலை நின்னுபோச்சு. என் மூச்சு மட்டுந்தான் கேக்குது."

கம்பியைக் கழற்றினேன். என் தொழிலில், பழுதைத் தெரிந்தே விட்டுவந்த வீடு அது ஒன்றுதான். செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்தேன். பாட்டு எதுவும் போடாமல், ஸ்பீக்கர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.