வெயிலுக்கு ஒரு பானை

எங்கள் மாவு மில்லில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று உண்டு. அதில் ஒரு மனிதரை ஏற்றி வாராவாரம் எடை பார்த்தது பாலக்கோட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் கொரியாக்காரர். எழுபதுகளின் நடுவில், நம் பக்கத்து விவசாயிகளுக்குப் பட்டுப்பூச்சி வளர்க்கச் சொல்லிக்கொடுப்பதற்காக வந்தவர். எங்கள் வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார். ஊர் அவரை ஜப்பான்காரர் என்றது. சிலர் சைனாக்காரர் என்று முடிவுகட்டி நாலு அடி தள்ளி நின்றார்கள். கொரியா என்று நான் திருத்தினால், அது எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது. ராயக்கோட்டை ரோட்டைக் கையால் காட்டிவிட்டு மில்லுக்குள் போய்விடுவேன்.

வந்த புதிதில் அவர் தனி ஆள். முதலில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டார், வயிறு கெட்டது. அதைப் பார்த்து மனசு கேட்காமல் என் மனைவி எங்கள் வீட்டிலேயே சாப்பாடு போட்டாள். எனக்குப் போடுகிற மாதிரியே போட்டாள். சோற்றில் தட்டு மறைய வேண்டும், குழம்பில் சோறு மறைய வேண்டும், மேலே எண்ணெய் மிதக்க வேண்டும். இந்த வைத்தியத்தில் நாற்பது வயதுக்குள் நான் மில்லின் வாசலில் பக்கவாட்டில் நுழையும் நிலைக்கு வந்திருந்தேன். அவரோ எனக்கு நேர்மாறாக இளைத்துக்கொண்டே போனார். சட்டை அவர் மேல் கொடியில் காய்வது போல இருந்தது.

தர்மபுரி டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். மருந்து கொடுத்து சதை வைக்க முடியாது, சித்திரை முடிவதற்குள் எடை ஏறினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிடுவேன் என்றார். கொரியாக்காரருக்கு அதில் பாதி உயிர் போய்விட்டது. அவர் நட்ட மல்பெரிச் செடிகள் அப்போதுதான் இடுப்புயரம் வந்திருந்தன. முதல் பட்டுக்கூடு அறுப்பதைப் பார்க்காமல் போவதா என்று அவருடைய இங்கிலீஷில் சொன்னார். என்னுடைய இங்கிலீஷில் நான் ஆறுதல் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் துக்கம் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

மார்கழிக் குளிரில் அவர் மனைவி வந்து சேர்ந்தார். சின்ன உருவம். பெட்டியை இறக்கி வைத்து, புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். அழவில்லை. என் மனைவியிடம் கையால் ஜாடை காட்டி, சந்தைக்கு வழி கேட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு வாய் பிளக்கிற வேலை. ஓசூர்ப் பக்கமிருந்து வரும் முட்டைக்கோஸை அவர் மூட்டையாக வாங்கினார். கூடவே முள்ளங்கி. முள்ளங்கியைவிட அதன் தழையைத்தான் பொன்னைப் போலப் பார்த்தார். நாங்கள் மாட்டுக்குப் போடுகிற தழை அது. மாடு என்னை ஒரு மாதிரி பார்த்தது. எல்லாவற்றையும் கல்லுப்பில் புரட்டி வாட வைத்தார். காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை எல்லாம் உதறிவிட்டு மில்லுக்குக் கொண்டுவந்தார். நைசாக அரைத்துக் கொடுத்தேன், தலையை ஆட்டினார். திரும்பவும் கொண்டுவந்தார். கரகரவென்று, ரவை மாதிரி வேண்டுமாம். மிளகாயை மில்லில் ரவையாக உடைத்தது அதுவே முதல் தடவை. தும்மித் தும்மி அரைத்தேன். அந்தச் செக்கச்சிவந்த ரவையோடு பூண்டும் இஞ்சியும் கருவாட்டுத் தூளும் சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு இலைக்கு இடையிலும் கையால் தடவினார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கை அது.

பிறகு கிணற்றடியில் வாழை மரத்து நிழலில் குழி தோண்டி, மண்பானைகளைக் கழுத்து வரைக்கும் புதைத்தார். சுற்றிலும் ஈர மணல். உள்ளே காய் மேலே மிதக்காமலிருக்க ஒரு கழுவின கல். தெருவில் வாசனை புறப்பட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம், பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

ஆனால் அவர்கள் சாப்பிடுவதை முதல் தடவை பார்த்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது. ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு, அதிலும் பாதி சாமை. சுற்றிலும் இன்னும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். கொதிதண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்த கீரை, அதன் மேல் வறுத்து நுணுக்கிய எள். முளைவிட்ட பச்சைப் பயறு. ஆவி பறக்கிற தெளிந்த சாறு. நடுவில் அந்தச் சிவப்பு ஊறல். தாளிப்பு இல்லை, பொரிப்பு இல்லை. ஒரு வாய் சோறு, ஒரு துண்டு ஊறல், கடிக்கும்போது நறுக்கென்று சத்தம். கோயிலில் பூசை பார்ப்பது போல நின்று பார்த்தேன். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். இரண்டு குச்சிகளையும் கொடுத்தார்கள். நான் பிடித்த பிடியில் முள்ளங்கித் துண்டு ஒன்று எகிறி என் மனைவியின் புடவையில் விழுந்தது. அப்புறம் கையால் எடுத்துச் சாப்பிட்டேன். புளிப்பு, காரம், உப்பு, பூண்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. எழுந்தபோது வயிறு நிறைந்திருந்தது, ஆனால் எனக்கு வயிறு இருக்கிற நினைப்பே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது.

தராசில் அவர் எடை மெதுவாக ஏறியது. எடை கூடினால் கம்பி எழும்பும்; அதன் மேல் குண்டை நான் நகர்த்துவேன், இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பங்குனி வந்ததும் வெயில் ஏறியது, எடை நின்றுவிட்டது. முட்டைக்கோஸ் வரத்து நின்றது. முள்ளங்கி சக்கை சக்கையாக வந்தது. பானைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சித்திரையில் ஒரே ஒரு பானை மிஞ்சியது. அது இருந்தால்தான் அவர் தொண்டையில் சோறு இறங்கும். டாக்டர் சொன்ன கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவர்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் பட்டுப் பண்ணை வேலையாகப் பென்னாகரம் போனார்கள். என் மனைவி மாங்காய் ஊறுகாய் போட்டு, ஜாடி வாயில் துணியால் வேடு கட்டி மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சேந்தப் போனவள் புதைத்த பானையை எட்டிப் பார்த்திருக்கிறாள். விளிம்பில் நுரை.

“ஏங்க, இங்க வாங்க. அந்தப் பொண்ணு ஊறுகா கெட்டுப்போவுது. நெழல்லயே வெச்சா பின்ன என்னாவும்? வெயிலே காட்டல பாவம்.”

அவர்கள் வழக்கம் வேறாக இருக்கும் என்று நான் இழுத்தேன்.

“ஊறுகான்னா எல்லா ஊர்லயும் ஊறுகாதான். இருக்கறது ஒரே பான. தூக்குங்க.”

நம் ஊரில் ஊறுகாயை வெயிலில் வைக்காதவள் பொம்பளையே இல்லை. அதனால் மண்வெட்டியை எடுத்தேன். தோண்டி, தூக்கி, மூச்சு வாங்க மாடி ஏற்றினேன். புது வெள்ளைத் துணியில் வேடு கட்டி, எங்கள் ஜாடிகளுக்கு நடுவில் மரியாதையான இடத்தில் வைத்தாள். சித்திரை வெயில் நாள் முழுக்க அதன் மேல் நின்றது.

சாயங்காலம் பார்த்தால் வெள்ளைத் துணி சிவப்பாகியிருந்தது. பானை பொங்கி, மாடித் தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர் ஓடியிருந்தது. புளிப்பு வாசனை மூக்கில் குத்தியது. அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கொரியாக்காரம்மா படியேறி வந்து பார்த்தார். குனிந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் புருஷன் கீழேயே நின்றார். பானையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா பின்பாதிக்குள் போய்விட்டார்.

என் மனைவி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த மனுசன ஊருக்கு அனுப்பிட்டேனே,” என்றாள்.

நான் தமாஷாக ஏதாவது சொல்ல வேண்டிய நேரம். அதற்குப் பதில் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்து மாடியைக் கழுவப் போனேன். எனக்கு அதுவும் புதிது.

கொஞ்ச நேரத்தில் பின்பாதியிலிருந்து ஒரு வாசனை வந்தது. கொதிக்கிற வாசனை. புளித்ததும் கருவாடும் பூண்டும் கொழுப்பும் சேர்ந்து, மீன் குழம்புக்கு அக்கா தங்கை முறை சொல்லலாம் போல ஒரு வாசனை. அந்த அம்மா வாசலில் வந்து நின்று கையசைத்துக் கூப்பிட்டார். உள்ளே போனோம். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி இன்னும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டது என்று நாங்கள் நினைத்த ஊறல் அத்தனையும் அதில் இருந்தது. அளவுக்கு மீறிப் புளித்ததைத் தூக்கி எறிய மாட்டார்களாம், இப்படித்தான் கொதிக்க வைப்பார்களாம். அவர்கள் ஊரில் அந்தப் புளிப்பு வருவதற்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அவர் புருஷன் எனக்கு விளக்கினார். எங்கள் மாடி ஒரே பகலில் அதை முடித்திருந்தது.

அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அடுத்த கரண்டி எடுத்தார். கிண்ணம் காலியானதும், எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடச் செய்யாததைச் செய்தார். கிண்ணத்தை நீட்டினார். அந்த அம்மா சோற்றைக் குவித்துப் போட்டார். சிலர் சாப்பாட்டுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்களே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் சட்டியைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து, கெடு நாள் வரைக்கும் ஓட்டினார்கள். அன்றைக்கு மில்லில் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவரைத் தராசில் ஏற்றினேன். போன வாரத்து இடத்தில் குண்டை வைத்தேன். கம்பி மேலே எழும்பி நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அப்போதும் எழும்பியது. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைச் சிந்தினாள். மிளகாய் நெடி என்றாள். அன்றைக்கு மிளகாய் அரைக்கவே இல்லை.

டாக்டர் எழுதவில்லை. கொரியாக்காரர் முதல் கூட்டை அறுத்தார், அடுத்ததையும் அறுத்தார்.

கோடை மழைக்குப் பிறகு சந்தையில் இளசாக முள்ளங்கி வந்தது. கொரியாக்காரம்மா இரண்டு பானை போட்டார். ஒன்றைக் கிணற்றடி நிழலில் புதைத்தார். இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் சமையலறை வாசலுக்கு வந்தார். அதற்குள் நம் பேச்சு கொஞ்சம் அவர் நாக்கில் ஏறியிருந்தது, அவர்களுடைய சின்னக் கிண்ணம் என் ராத்திரிச் சாப்பாட்டில் ஏறியிருந்தது.

“அக்கா,” என்றார். “இது நீங்க வெயில்ல வெய்ங்க.”

என் மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பானையை வாங்கினாள். பெட்டியிலிருந்து புது வெள்ளைத் துணி எடுத்து, இறுக்கி வேடு கட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். தூக்க வேண்டியது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தூக்கினேன். படி ஏறும்போது முன்னைப் போல மூச்சு வாங்கவில்லை.