முனீஸ்வரரும் நாலாவது ஆணியும்

போன வாரம் நான் ஒரு ஆற்றை மலைமேல் ஏற்றினேன்.

தனி ஆளாக. இயந்திரம் எதுவும் உபயோகிக்கவில்லை. என் வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தப் பத்தியில் எப்போதோ, எழுத விஷயம் கிடைக்காத ஒரு வாரத்தில், ‘கேமரன் மலையில் எனக்குத் தெரியாத தேயிலைச் செடி கிடையாது’ என்று எழுதித் தொலைத்திருந்தேன். பத்திக்காரன் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள் என்ற தைரியம்தான். என் மனைவியே நம்புவதில்லையே!

ஆனால் ஒருவர் நம்பிவிட்டார்.

அவர் பேராசிரியர் கலைவாணி. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிக்கிறார். பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எங்கே தேயிலை போய்க் காய்கறி வந்தது, எங்கே காய்கறி போய் ஹோட்டல் வந்தது என்று அளப்பது அவர் ஆராய்ச்சி. நான்கு வருட வேலை. மிச்சம் இருந்தது நான் பிறந்த எஸ்டேட் மட்டும்.

“சார், உங்க பத்தியப் படிச்சேன். ரெண்டு நாள் எங்கூட வர முடியுமா?” என்று போனில் கேட்டார்.

“தாராளமா!” என்றேன்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவில்லை. “பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்பாங்க. உங்களுக்கு புரொபசரையே அனுப்பியிருக்கு” என்றாள்.

தானா ராத்தா டவுனில் நான் வழக்கமாகச் சாப்பிடும் பாய் கடையில் சந்தித்தோம். ரொட்டித் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு வரைபடத்தை விரித்தார் பேராசிரியர். யாரோ ஒரு பழைய துரை காலத்தில் கையால் வரைந்தது. தேயிலைப் பத்தி என்று எஸ்டேட்டில் சொல்லும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நம்பர், ஆற்றுக்கு நீலக் கோடு, பாதைக்குப் புள்ளிக் கோடு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

“இத இன்னைக்குள்ள படத்து மேல விரிக்கணும் சார். விரிச்சா மட்டும் போதாது, நாலு மூலைக்கும் ஆணி அடிக்கணும். ரெண்டு படத்துலயும் இருக்கிற, எடம் மாறாத புள்ளிதான் ஆணி. பாலம், பேக்டரி மூலை, தண்ணித் தொட்டி... மூணு ஆணி கெடச்சிடுச்சு. கிழக்குச் சரிவுலதான் ஒண்ணுமே இல்ல.”

“கெடைக்கலன்னா?”

“அந்தச் சரிவ விட்டுட வேண்டியதுதான்.” குரல் இறங்கிவிட்டது. “ஆனா அங்கதான் சார் எல்லாமே மாறியிருக்கு. அது இல்லாட்டி என் ஆராய்ச்சி முன்பல்லு போன வாய் மாதிரி. நாளைக்கு மத்தியானம் நான் கெளம்பணும். திங்கக்கெழம ரிப்போர்ட் கொடுக்கணும்.”

நான் வரைபடத்தின் மேல் குனிந்தேன். கிழக்குச் சரிவில், பன்னிரண்டாம் நம்பர் பத்தியின் ஓரத்தில், கடுகு அளவில் ஒரு கோயில் குறி இருந்தது.

“டாக்டர்! இது எங்க முனீஸ்வரர். கவலைய விடுங்க. துரை மாறலாம், கணக்கெழுதுற கிராணி மாறலாம், லயன் வீட்டுத் தகரம் மாறலாம்... சாமி நகராது!”

சொல்லிவிட்டு, மேடைப் பேச்சாளர் தண்ணீர் குடிப்பதைப் போல, தே தாரிக் டீயை ஒரு மிடறு குடித்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் கோயிலில் இருந்தோம். வாசலில் ‘ஆதி முனீஸ்வரர் ஆலயம்’ என்று ஆள் உயரப் பலகை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அங்கே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்காவுக்கு ஒரு வணக்கம் போட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோயிலைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு வணக்கம் போட்ட கையோடு பேராசிரியருக்குத் தல வரலாறு சொல்ல ஆரம்பித்தவன்தான்... முனீஸ்வரர் வந்த கதை, புலி வந்த கதை, புலியைப் பார்த்து துரை ஓடிய கதை. பேராசிரியர் சூலத்தின் பக்கத்தில் ஜி.பி.எஸ். கருவியை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டார். நாலாவது ஆணி அடித்தாயிற்று!

சாயங்காலம் ஐந்து மணி. என் வீட்டுக் கூடத்தில் பேராசிரியர் மடிக்கணினியைத் திறந்தார். நாலு ஆணியையும் அடித்து, பழைய வரைபடத்தை விரித்தார்.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார்.

“சார்... ஆறு மலைமேல ஏறுது.”

எட்டிப் பார்த்தேன். ஏறத்தான் செய்தது. மூன்று மூலைகளும் சமர்த்தாகப் படுத்திருக்க, கிழக்கு மூலை மட்டும் கசங்கி இழுபட்டுக் கிடந்தது. பன்னிரண்டாம் நம்பர் தேயிலை ஆற்றுக்குள் முளைத்திருந்தது. புள்ளிக் கோட்டுப் பாதை துரை பங்களாவின் சமையலறைக்குள் நுழைந்து, குளியலறை வழியாக வெளியே வந்தது.

“ஒருவேளை அந்தக் காலத்துல துரைங்க...” என்று ஆரம்பித்தேன்.

“ஆத்துக்குள்ள தேயிலை போட மாட்டாங்க சார்.”

மடிக்கணினியை மெதுவாக மூடினார். திட்டியிருந்தால் தேவலை. நான்கு வருட உழைப்பின் மூலையில் நான் எருமை மாதிரி உட்கார்ந்து கசக்கியிருக்கிறேன்! அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கோயிலுக்கு ஓடினோம். லெட்சுமி அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்தக் கோயில் ஆரம்பத்துலேர்ந்து இங்கதானே இருக்கு?” என்றேன், கிட்டத்தட்ட கெஞ்சலாக.

அக்கா நிமிர்ந்தார். “யாரு சொன்னா? மூணு தடவ தூக்கியாச்சு. லோரி ரோடு போட்டப்ப ஒரு தடவ. மண்ணு சரிஞ்சப்ப ஒரு தடவ. அப்பறம் டூரிஸ்ட்டுங்க சப்பாத்துக் காலோட ஏறி நின்னு போட்டோ புடிக்குதுங்கன்னு ஒரு தடவ.”

“மூணு தடவையா!”

“கடைசியா தூக்குனப்ப சூலத்துக்கு ஒரு பக்கம் நீயும்தானே தம்பி கை கொடுத்த?”

பேராசிரியர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

எனக்கு நினைவு வந்தது. சத்தியமாக அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்னதானத்தில் மூன்று வகைக் கூட்டு, பாயசம் இரண்டு முறை. எதற்காகச் சாப்பிட்டோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

நாமெல்லாம் அப்படித்தான் இல்லையா? சாமியை மேளதாளத்தோடு தூக்கிப் போய் வேறு இடத்தில் வைக்கிறோம். அடுத்த திருவிழாவுக்குள் ‘ஆதி காலத்திலிருந்தே இங்கேதான்’ என்று பலகை மாட்டி, அதை நாமே படித்து நம்பியும் விடுகிறோம். என் இடுப்பு பெல்ட்டைக் கேட்டால் தெரியும். மூன்று ஓட்டை நகர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால், கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இருக்கிறேன் என்பேன்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை. எதிர்மலையில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

“பரவால்ல சார்” என்றார். “இந்தச் சரிவ விட்டுடுறேன்.” அந்த ‘பரவால்ல’ தலையில் குட்டுவதைவிட வலித்தது.

“எத விடப் போறீங்க டீச்சரம்மா?” என்றார் அக்கா.

பேராசிரியர் வரைபடத்தைக் காட்டி, அதில் இருக்கும் பழைய கோயிலின் இடம் தெரிந்தால் போதும் என்று சொன்னார். “அந்த எடத்துல இப்ப ஒண்ணும் இருக்காது, இல்லீங்களா?”

“ஏன் இருக்காது? சாமியத்தான் தூக்குனோம். பீடக்கல்லயா தூக்குவோம்? மொத மொத உக்காந்த கல்லு. அதத் தூக்குனா குடும்பம் வெளங்குமா? வருசா வருசம் திருவிழாவுக்கு மொத சூடம் அங்க ஏத்திட்டுத்தான் இங்க ஏத்துவேன். வாங்க, போலாம்.”

கோலமாவை அப்படியே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

எழுபது வயது. தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஆடு மாதிரி ஏறுகிறார். பின்னால் பேராசிரியர், முதுகில் பையோடு. அதற்கும் பின்னால் கேமரனின் ஒவ்வொரு செடியையும் அறிந்த நான்... பாதி தூரம் காலாலும் மீதி தூரம் முழங்காலாலும்.

“மெதுவா லா அக்கா!”

“பனி மூடிரும், வா தம்பி!”

மேட்டில் நெருக்கமாகப் போன வரிசைகள் ஓரிடத்தில் ஒரு பாய் அளவுக்கு விலகி நின்றன. நடுவே பட்டையான ஒரு கருங்கல். அதன்மேல் வாடிய எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கறுப்பு. எத்தனையோ முறை செடியைப் பிடுங்கி மறுநடவு செய்திருக்கிறார்கள். இப்போது இங்கே வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள்கூட இந்தக் கல்லை விட்டுச் சுற்றித்தான் கத்தரியால் கொழுந்து வெட்டுகிறார்களாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அக்கா ஒரு முறை முறைத்ததோடு சரி.

பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லருகே கருவியை வைத்தார். அங்கேயே கிடந்த ஒரு உரச் சாக்கை விரித்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். என் பொய் ஆணியைப் பிடுங்கிவிட்டு, புது ஆணியை அடித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சார்! சார்! இங்க பாருங்க லா!”

ஆறு இறங்கி வந்து ஆற்றில் படுத்துக்கொண்டது. பாதை பாதைமேல் போய் உட்கார்ந்தது. துரையின் சமையலறை மானத்தோடு பங்களாவுக்குத் திரும்பியது. சரிவின் கீழ்ப்பாதியில் அன்றைய தேயிலையின் மேல் இன்றைய காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாகப் பொருந்தி நின்றன. உச்சியில்தான் ஆச்சரியம். வரைபடத்தில் தேயிலை என்று நம்பர் போட்டிருந்த இரண்டு பத்திகள், இன்றைய செயற்கைக்கோள் படத்தில் கரும்பச்சையாகச் சுருண்டு கிடந்தன.

“காடு!” என்றார் பேராசிரியர். கண்ணெல்லாம் சிரிப்பு. “கைவிட்ட எடத்துல காடு திரும்பி வந்திருக்கு. இத இவ்வளவு சரியா அளக்க முடியும்னு நெனைக்கவே இல்ல!”

“அது தெரியுமே. அங்கேர்ந்துதானே காட்டுப்பன்னி வந்து என் மரவள்ளியத் தோண்டுது” என்றார் அக்கா.

பேராசிரியர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்குக் கூச்சம். “ஐயே, கையெல்லாம் கோலமாவு” என்று நெளிந்தார். அப்போதுதான் பனி வந்து மூன்று பேரையும் மூடியது. மூடட்டும், இனி என்ன?

மத்தியானம் பேராசிரியரின் கார் கோலாலம்பூர் பக்கம் திரும்பியது. கண்ணாடியை இறக்கி, தெரு முனை வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனார். எனக்கல்ல, அக்காவுக்கு.

எனக்கு மட்டும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

“ஏங்க்கா, நேத்து நாங்க சூலத்துக்குப் பக்கத்துல கருவிய வச்சு அளந்துக்கிட்டு இருந்தப்பவே கோயில் எடம் மாறுன கதைய ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்து பூரா நீதானே தம்பி பேசுன.”