வயர் கொடுக்காத ஸ்பீக்கர்

இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே பெட்டியாகச் செய்யச் சொல்லியிருந்தேன். இன்று தாம்பரம் கடைக்கு வாங்கப் போனேன்.

ஒன்று என்னுடையது. மற்றது போன மாதம் இறந்துபோன என் நண்பன் பிரபுவுடையது.

கடைக்கார அண்ணன் என்னுடையதற்கு மட்டும் வயர் கொடுத்துப் பாட்டுப் போட்டார். பிரபுவின் ஸ்பீக்கரும் மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பயப்படாதீங்க சார். நடுவுல பலகை வைக்க மறந்துட்டேன். இதோட காத்து அதையும் தள்ளுது. பலகை அடிச்சா நின்னுடும். அடிச்சிடட்டா?"

"வேணாம்ணா."

"அப்ப அதுக்கும் வயர் குடுத்துடுறேன்."

"அதுவும் வேணாம்ணா."

பலகை இல்லாவிட்டால் பேஸ் சத்தம் கெட்டுவிடும் என்று கமெண்டில் பாடம் எடுக்க வருபவர்களே, எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, பிரபுவுடையதும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. பாட்டை எப்படி நிறுத்துவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.