கைகழுவும் தொட்டியில் போன ஊசி

குல்யாஷ் அறுபதைத் தொடவில்லை. ஐம்பத்தெட்டரை வருட வாழ்க்கையில் இருபத்தேழு வருடத்தைத் தரையிலிருந்து பதின்மூன்று மீட்டர் உயரத்தில் கழித்தவள் அவள். பல்காஷ் ஏரிக்கரையில், செம்பு உருக்காலையில் கிரேன் ஓட்டினாள். கிரேனின் கூண்டுக்குப் போக நாற்பத்து நான்கு படி இரும்பு ஏணி. உருகிய செம்பு நிறைந்த வாளி தலைக்கு மேலே போகும்போது கீழே நிற்பவர்கள் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "மேல குல்யாஷ்தானே" என்பார்கள்.

2021 ஜூனில் ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். கொரோனா ஊசி போடாதவர்களுக்கு ஷிப்ட் கிடையாது. முதலில் போட்டுக்கொண்ட கிரேன்காரி ஒருத்திக்குக் குளிர்காய்ச்சல் வந்து, வேலை நடுவில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் ஒன்றரை நாளில் போய்விட்டது. பேச்சு போகவில்லை. உடை மாற்றும் அறையில் அது நாளுக்கு நாள் வளர்ந்தது. இருபத்தேழு வருடத்தில் ஒருநாளும் நடுவில் இறங்கியிராத குல்யாஷுக்கு ஊசியைவிட அந்த இறக்கம்தான் பயமாக இருந்தது.

அவள் மகள் மர்ஜானின் மாமியார் ரைகான், ஊர் மருத்துவமனையில் ஊசி போடும் செவிலி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு. கறித்தட்டை எடுத்த பிறகு குல்யாஷ் பேச்சை எடுத்தாள்.

"சம்பந்தி, ஒண்ணு கேப்பேன். மறுக்கக் கூடாது."

"கேக்காதீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"பேரை மட்டும் எழுதிடுங்க. ஊசி வேண்டாம்."

"நானே போட்டுக்கிட்டேன். ரெண்டு நாள் கை வலிச்சுது, அவ்வளவுதான்."

"உங்களுக்கென்ன, தரையில உக்காந்து பாக்கிற வேலை."

ரைகான் வெகுநேரம் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே பெண் கொடுத்தவர்கள் வாய்விட்டுக் கேட்டால் பெண் எடுத்தவர்கள் இல்லை என்று சொல்வதில்லை. சொன்னால் அது ஊர்ப் பேச்சாகும். நடுவில் நிற்கும் மருமகளுக்குத்தான் வீடு கசக்கும். ரைகானுக்கு மருமகள் மேல் பிரியம்.

செவ்வாய்க்கிழமை ரைகான் முறைப்படி மருந்தை ஊசியில் ஏற்றினாள். குழாயைத் திறந்தாள். மருந்தைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சினாள். குல்யாஷின் கையில் பஞ்சு வைத்து ஒட்டினாள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. பதிவேட்டில் இரண்டு தேதியும் ஏறின. இரண்டாவது தடவை, நம்பும்படி இருக்க வேண்டுமென்று குல்யாஷ் ஒருநாள் லீவு போட்டு, தலையில் துணி கட்டிப் படுத்தாள். அடுத்த வீட்டு ஒரின்ஷா ஆட்டு எலும்புச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகஸ்டில் உண்மையான காய்ச்சல் வந்தது. பத்தொன்பது நாள் ஆக்ஸிஜனில் கிடந்தாள்.

பிழைத்து வந்தாள். ஆனால் பதினோராவது படியில் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு இல்லை. இடது நெம்புகோல் எது, வலது எது என்பதும் சில நேரம் மறந்தது. கீழே சாமான் அறையில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை தந்தார்கள்.

மர்ஜான் மின்நிலையத்தில் அளவுக்கருவிப் பொறியாளர். விரல்நுனியில் மாட்டும் கருவி வாங்கி வந்து தினமும் ஆக்ஸிஜன் அளவைக் குறித்தாள். உட்கார்ந்தால் 91. அடுக்களைவரை நடந்தால் 86. அட்டவணை போட்டாள்: முதல் ஊசி, இரண்டாம் ஊசி, காய்ச்சல், மருந்து, அளவு. எந்தத் தேதிக்கும் எந்த அறிகுறிக்கும் தொடர்பு என்று தேடினாள். அந்த அட்டவணையின் முதல் இரண்டு வரிகள் பொய். மகளுக்கு அது தெரியாது. குல்யாஷ் விரலை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பாள்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்களை அந்த ஊரில் வாசலோடு அனுப்ப முடியாது. வந்தார்கள். பால் டீ குடித்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"ரெண்டு ஊசி போட்டுமா இப்படி?"

முதலில் கேட்டவரிடம் குல்யாஷ், "ஊசி போட்டதுலேர்ந்துதான்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கேள்வியை முடிக்க அதுவே சுருக்கமான வழி. ஆனால் அந்தப் பதில் அவளைவிட நன்றாக நடமாடியது. கடையில், பஸ்ஸில், ஆலை வாசலில் அவள் பெயரைச் சொல்லி ஊசியை மறுத்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நுரையீரல் மருத்துவர் சோய் இளம்பெண். ஜனவரியில் ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். "ஊசிக்கப்புறம் இவ்வளவு மாசமா தொந்தரவுன்னா நான் மேல எழுதியாகணும். எந்தக் குப்பி, யார் போட்டாங்க, எல்லாம் விசாரிப்பாங்க. நல்லதுதானே?"

"வேண்டாம் டாக்டரம்மா. ஏதோ என் தலையெழுத்து."

"தலையெழுத்த எந்தக் கட்டத்துல எழுதறது?"

குல்யாஷ் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் ரைகான் மாட்டுவாள். பொய்யைச் சொன்னாலும் ரைகான் மாட்டுவாள். கையெழுத்து நாளைக்குப் போடுகிறேன் என்று வந்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரின்ஷா மாத்திரைப் பெட்டியோடு வந்தாள். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு கண் ஏற்கெனவே மங்கல்.

"மருத்துவமனையில கூப்பிட்டாங்கக்கா. வரமாட்டேன்னுட்டேன். உன்னப் பாத்த பிறகு எவ போடுவா?"

குல்யாஷ் கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு சொன்னாள். தொட்டி, குழாய், பஞ்சு, எல்லாம்.

ஒரின்ஷா கேட்டு முடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் பொண்ணு சொல்லிக் குடுத்தாளா? படிச்சவ, ஊசிப் பக்கம்தான் பேசுவா."

"சத்தியமா போடலடி."

"நான் சாறு கொண்டாந்து ஊட்டினேன். தலையில துணியோட கிடந்த."

"நடிச்சேன்."

"நீயா? உனக்குக் கல்யாணத்துல அழக்கூட வரல. போக்கா."

குல்யாஷிடம் காட்ட ஒன்றுமில்லை. செல்போனில் ஊசி போட்டதற்கான பச்சைக் கட்டம் இருந்தது, இரண்டு தேதியோடு. போடாத ஊசிக்குத் தழும்பு எங்கே இருக்கும்?

"நாளைக்கு என்கூட வா. டாக்டரம்மா முன்னாடி சொல்றேன். உன்ன நம்ப வைக்க, சம்பந்தி வேலையே போற மாதிரி பொய்ய யாராவது சொல்வாங்களா?"

ஒரின்ஷா சிரிப்பை நிறுத்தினாள். "ரைகானுக்கு என்ன ஆகும்?"

"வாடி."

காலையில் ரைகானுக்குப் போன் செய்தாள். "சம்பந்தி, இன்னைக்குச் சொல்லப்போறேன்." "மர்ஜானுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள் ரைகான். "இன்னைக்குத் தெரிஞ்சிடும்."

சோய் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். முழுதும் கேட்ட பிறகு, "ஆறு மாசமா தப்பான பக்கம் தேடிட்டிருக்கேன்" என்றாள். அதட்டவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை. பதிவேட்டில் ஊசி போட்டவளின் பெயர் இருந்தது.

ஒரின்ஷா எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். ஊசி மேசையில் அன்றும் ரைகான்தான். ஒரின்ஷா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். மருந்து ஏறுவதிலிருந்து ஊசி வெளியே வரும்வரை கண்ணை எடுக்கவில்லை. "முழுசா போச்சா?" என்று கேட்டாள். ரைகான் காலி ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மூன்று வாரத்தில் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஒரின்ஷாவுக்கு ஒருநாள் கை வலித்தது. அவ்வளவுதான்.

குல்யாஷுக்கு மருந்து மாறியது. நுரையீரலில் விழுந்த வடு மாறவில்லை. மர்ஜான் அட்டவணையின் முதல் இரண்டு வரிகளை அடித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினாள். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. மாமியார் வீட்டில் அவளிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கூடியிருந்தது.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை ரைகான் வந்தாள். நோயாளியைப் பார்க்கச் சம்பந்தி வராமல் இருக்க முடியாது. ஒரு பொட்டலம் வெண்ணெய் கொண்டுவந்திருந்தாள். குல்யாஷால் எழுந்து டீ ஊற்ற முடியவில்லை. வந்தவளே ஊற்றினாள்.

"எப்படி இருக்கு?"

"படுத்தா முட்டுது. உக்காந்தா பரவால்ல."

"முதுகுக்கு இன்னொரு தலகாணி வேணும்." எடுத்து வைத்தாள்.

"சம்பந்தி, ஒரு தடவ வாய்விட்டுத் திட்டிடுங்க."

"நோயாளியத் திட்டக் கூடாது."

"நான் நல்லானப்புறம்?"

ரைகான் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, சிந்தாமல் இருக்க அடியில் தன் கையையும் வைத்துக்கொண்டாள். "மெல்லக் குடிங்க. சூடு."

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையும் அவள் வராமல் இருக்கவில்லை. ஒருநாளும் திட்டவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் குல்யாஷ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பிறகு, வந்தவள் உட்கார இடம் வேண்டுமே என்று காலை மடக்கிக்கொள்வாள். நவம்பரில் மூச்சு நிற்கும்வரை அப்படித்தான்.