மேசைக் கண்ணாடியின் மேல் ஒரு தட்டு வட்டிலப்பம்

அந்தத் தட்டை என்னால் மறக்க முடியவில்லை. விளிம்பில் நீலப் பூப் போட்ட தட்டு, நடுவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பம் ஒரு துண்டு, அதன் மேல் இரண்டு மூன்று கஜுப் பருப்பு. கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் அதிபராக இருந்த காலம். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று நானே ஒரு சுற்றறிக்கையைச் செருகி வைத்திருந்தேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை. தட்டு அதன் மேல்தான் இருந்தது. ஆங்கில டீச்சருக்காக வைத்த தட்டு அது. அவர் அதைத் தொடவில்லை.

எங்களுடையது முஸ்லிம் பாடசாலை; அவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். ஒன்பதாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை. அந்த வகுப்பு மாணவன் ஒருவன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டான் என்று எங்கள் விஞ்ஞான சேர் கன்னத்தில் அறைந்தார். அடி காதிலும் பட்டு ரத்தம் வந்தது. பையனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் ஆங்கில டீச்சர்தான். நான் ஓடவில்லை. அப்போது கோட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

விஞ்ஞான சேரிடம் இல்லாத தகுதி இல்லை. பட்டம் இருந்தது, பட்டப்பின் டிப்ளோமா இருந்தது, பயிற்சிக்குப் பயிற்சி சான்றிதழ் இருந்தது. அவருடைய ரியூஷன் வகுப்பில் இடம் பிடிக்க, பெற்றோர் பிள்ளை எட்டாம் ஆண்டுக்கு வரும்போதே சொல்லி வைப்பார்கள். எங்கள் பரீட்சைப் பெறுபேறு அவர் கையில் இருந்தது. ஆகவே எங்கள் வாயும் அவர் கையில் இருந்தது.

இதில் அடிக்கிற கை புதிது அல்ல, முடிக்கிற முறையும் புதிது அல்ல. எங்கள் ஊர்களில் ஓர் ஆசிரியர் தவறு செய்தால் விசாரணைக்கு முதல் மஷூரா வைப்போம். நாலு பெரியவர்கள் கூடிக் கதைப்பார்கள். அடிபட்டவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, மன்னித்துவிட்டோம் என்று மாப்பு வாங்குவார்கள். பின்பு துஆ ஓதி, இனிப்புத் தின்று, ஆசிரியரை ஒரு தூரத்துப் பாடசாலைக்கு மாற்றிவிட்டால் விசயம் முடிந்தது. சட்டத்தில் இல்லாத இந்தத் தண்டனையை நாங்கள் சட்டத்தைவிட ஒழுங்காக நிறைவேற்றி வந்தோம்.

அன்றைய மஷூரா என் அறையில் நடந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரான ஹாஜியார் தன் வீட்டில் அவித்த வட்டிலப்பத்தோடு வந்திருந்தார். பையனின் வாப்பா வெளிநாட்டில். உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று, "மாப்புக் குடுத்திட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"நம்மட ஊருப் புள்ள, நம்மட ஊரு சேர்," என்றார் ஹாஜியார். "இத வெளியில கொண்டு போய் என்னத்தக் காணப் போறம்? அவர கோமாரிப் பக்கம் போட்டுருவம். ரெண்டு வருசம் கடல் காத்துப் பட்டா கோவமும் அடங்கிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆங்கில டீச்சர் சிரிக்கவில்லை. "கோமாரிப் பக்கத்துப் புள்ளைகளுக்குக் காது இல்லையா, சேர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஹாஜியார்தான் பதில் சொன்னார். "டீச்சர், நீங்க பாண்டிருப்பு. எங்கட வீட்டுக் கதை ஒங்களுக்கு விளங்காது."

"வீட்டுக் கதை விளங்கல்லதான், ஹாஜியார். புள்ளைட காதுல ரத்தம் வந்தது நல்லா விளங்கிச்சு. நான்தானே துடைச்சன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை முடியும் வரை இடமாற்றம் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அதிகாரமும் எனக்கு இருந்தது. நான் சொன்னது இதுதான்: "சாப்பிடுங்க டீச்சர், ஆறினா ருசி போயிரும்." அவர் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். நான் என் தட்டை முடித்தேன். வீணாகப் போகிறதே என்று அவருடைய தட்டையும் இழுத்து வைத்துத் தின்றேன். பிறகு, விஞ்ஞான சேரை ஏற்கவிருந்த பாடசாலைக்கு அவர் ஒழுக்கத்தில் சிறந்தவர் என்று நற்சான்று எழுதி ஒப்பமிட்டேன்.

எங்கள் பாடசாலைப் பையனின் காது ஆறிவிட்டது. அடுத்த வருடம் ஒரு நாள், ஆங்கில டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "கோமாரியில விஞ்ஞான சேர் அடிச்சது ஒரு மீன்பிடிக்கிறவர்ர மகனாம். இடது காது இனிக் கேக்காதாம்," என்றார். விஞ்ஞான சேரை அங்கிருந்தும் மாற்றினார்கள். அப்படியே ஊர் ஊராக மாறி, குறையாத ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய பிரியாவிடை விழாவில் அவரை வாழ்த்திப் பேசியவர்களில் நானும் ஒருவன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அண்மையில் ஒரு கலந்துரையாடலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஆசிரியர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், ஒழுக்கக் கோவை ஒன்று வேண்டும், மீறினால் அனுமதி பறிபோக வேண்டும் என்று பேசினார்கள். எல்லாம் சரிதான். முச்சக்கர வண்டி ஓட்டுகிறவனிடம் மறித்து மறித்து அனுமதிப்பத்திரம் கேட்கிற நாட்டில், நாற்பது பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் போகிறவரிடம் நியமனம் கிடைத்த நாளுக்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் கேட்கக் கேட்க எனக்குச் சலிப்புத்தான் வந்தது. பறிக்க வேண்டிய நாளில் பறிக்கப் போகிறவர் யார்? என்னைப் போல ஒருவர்தானே? அவருடைய மேசையிலும் கண்ணாடி இருக்கும், கண்ணாடிக்கு அடியில் இந்தக் கோவையும் இருக்கும். தட்டு வைக்க அது நல்ல சமதளம்.

தேநீர் இடைவேளையில் ஹாஜியாரின் மகன் என் தோளில் கை வைத்தார். வாப்பாவின் பதவி இப்போது அவரிடம். ஒழுக்கக் கோவையை ஆதரித்துச் சற்று முன்தான் மேடையில் உருக்கமாகப் பேசியிருந்தார். "சேர், ஒரு சின்ன விசயம். நம்மட கணக்கு சேர் ஒரு பொம்புளப் புள்ளைக்குப் பிரம்பால அடிச்சிட்டார். மணிக்கட்டு எலும்புல சின்ன வெடிப்பாம். அவட உம்மா பொலிசுக்குப் போற எண்டு நிக்கிறா. நீங்க ஒரு சொல் சொன்னா கேப்பா. இவர வேற இடத்துக்கு மாத்திருவம்."

"இனி எந்த ஊருப் புள்ளைட கைய ஒடிக்க மாத்தப் போறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். "சேருக்கு பிரசர் கூடிருக்கு, தண்ணி குடுங்க," என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

அன்று மாலையே பாண்டிருப்புக்குப் போனேன். ஆங்கில டீச்சர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நான் கத்திய கதையை முழுவதும் கேட்டார். பாராட்டுவார் என்று ஓர் ஆசை எனக்கு இருந்திருக்க வேண்டும்.

"அதிபரா இருக்கக்குள்ள வராத கோவம்," என்றார். "சரி, அந்தப் புள்ளைட அம்மாவப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கிட்ட என்னத்துக்கு வந்து சொல்றீங்க சேர்? அங்கெல்லோ போகணும்."

நான் எழுந்தேன். தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி அவர் சொல்லவில்லை.

அந்த வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் பிள்ளையின் உம்மாவின் முகம் இறுகியது. எங்களைப் போன்ற வெள்ளைத் தாடிகள் அந்த வாசலுக்கு எதற்காக வருவோம் என்று அவருக்குத் தெரியும். "மாப்புக் கேட்டு நீங்களும் வந்தயளா சேர்?" என்றார்.

"இல்ல மகள். முறைப்பாடு குடுங்க எண்டு சொல்ல வந்தன். முன்னம் ஒரு சேர நாங்க இப்பிடித்தான் மாத்தி அனுப்பினம். அனுப்பின இடத்துல ஒரு புள்ளைட காது போச்சு. அவருக்கு நல்லவர் எண்டு எழுதிக் குடுத்தது நான்தான். எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. உள்ளே சிறுமி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு முன்னால் மேசையில், மூடி போட்ட ஒரு பாத்திரம். திறக்காமலே எனக்குத் தெரிந்தது, வட்டிலப்பத்தின் ஏலக்காய் வாசம் வாசல் வரை வந்தது.

"செயலாளர் வீட்டால அனுப்பின," என்றார் உம்மா. "திருப்பிக் குடுக்கப் போனா மரியாத இல்ல எண்டு சொல்லுவாங்க. நான் இத என்ன செய்யட்டும் சேர்?"

"இஞ்ச தாங்க," என்றேன்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். இஷாத் தொழுகைக்குப் போகிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தார்கள். ஹாஜியாரின் மகன் கதவைத் திறந்து, பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சேர் இது? நீங்களாவது ஒரு துண்டு சாப்பிட்டிருக்கலாமே."

"எண்ட பங்க ஒங்கட வாப்பா இருக்கக்குள்ளயே திண்டு முடிச்சிட்டன், மகன்," என்று சொல்லி, பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன்.