வரிக் கந்தோர் பேசிய கலியாணம்

கலியாணம் பேசுவதற்கு வரிக் கந்தோரைத் தூது அனுப்பியவன் நான். மடத்தனங்களில் எனக்கு ஓரளவு தேர்ச்சி உண்டு. உறைபனிக்குள் றப்பர் செருப்போடு வந்து இறங்கியது, உடுப்புத் தோய்க்கும் தூளைப் பால்மா என்று நம்பித் தேநீரில் கலக்கியது எல்லாம் என் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை வேறு யாரும் கூடச் செய்திருக்கலாம். இதை என்னைத் தவிர ஒருவரும் செய்திருக்கமாட்டார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வேலை செய்ய அனுமதி கிடைத்து முதல் வருடம் முடிந்திருந்தது. சம்பளத்தில் பிடித்த வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள், ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் சரி என்று கூட வேலை செய்த துருக்கிக்காரர் சொன்னார். படிவத்தை எடுத்து விரித்தேன். அதிலிருந்த சொற்கள் ஒவ்வொன்றும் சரக்கு ரயில் மாதிரிப் பெட்டி பெட்டியாகக் கொழுவிக்கொண்டு வரியின் கடைசிவரை ஓடின. பெயரையும் பிறந்த திகதியையும் பிழையில்லாமல் எழுதிவிட்டு, இன்றைக்கு இது போதும் என்று மடித்து வைத்தேன்.

அந்த மாதங்களில் வியாழக்கிழமை பின்னேரங்களில் நகர நூலகத்துக்கு வரி அலுவலகமான வரிக் கந்தோரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்து, படிவத்தை எப்படி நிரப்புவதென்று இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார். சமையல் புத்தகங்களுக்கும் நாய் வளர்ப்புப் புத்தகங்களுக்கும் நடுவில் அவருக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். நூலகம் என்றபடியால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் சம்பளத்தைக் கோயிலில் நேர்த்தி சொல்வதுபோல மெல்லிய குரலில் சொன்னார்கள். அம்மாவுக்கு ஐம்பது வயது மதிக்கலாம். சிரிப்பதற்கு மேலிடத்தில் அனுமதி எடுக்கவேண்டியவர் போன்ற முகம். ஆனால் ஒருவரையும் விரட்டமாட்டார். என் படிவத்தைக் கால் மணித்தியாலத்துக்குள் ஒப்பேற்றிவிட்டார்.

"திருமணமானவரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆகியிருந்தால் என்ன என்று என்னுடைய ஓட்டை ஜெர்மனில் கேட்டுவைத்தேன். கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் உழைத்தால் வரி நன்றாகக் குறையும் என்றார் அவர். வருடத்தின் கடைசி நாளில் கட்டினாலும் முழு வருடத்துக்கும் குடும்பமாகவே கணக்கு.

"கடைசி நாளில்கூடக் கட்டலாமா?"

"நகரசபை திறந்திருந்தால் கட்டலாம்" என்றார் அம்மா.

ஒருவர் மட்டும் உழைத்தால் என்ற பாதி என் காதில் தங்கவில்லை. கலியாணம் கட்டினால் வரி குறையும் என்ற மற்றப் பாதியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். காரணம், வைத்தியசாலையொன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்த ஒரு பெண்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கூடுகிற ஒரு வீடு இருந்தது. அங்கே அவளும் வருவாள். மற்ற ஆண்களையெல்லாம் அண்ணை என்று கூப்பிடுகிறவள் என்னை மட்டும், ஊரில் பெண்கள் புருசனைக் கூப்பிடுகிற மாதிரி, 'இஞ்சை' என்றுதான் கூப்பிட்டாள். என் கையிலிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அதற்கிடையில் அவளுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளையை ஊரில் பேசத் தொடங்கிவிட்டார்கள். மாத முடிவுக்குள் ஓமோ இல்லையோ என்று அவள் தகப்பனுக்கு மறுமொழி எழுதவேண்டும். இதை அந்த வீட்டுக்கார அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குத்தான் சொன்னாரோ தெரியாது.

எங்கள் வழக்கத்தில் பெண்ணிடம் ஆண் நேரே போய்க் கேட்பதில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வயதில் மூத்தவராக, நாலு பேர் மதிக்கிறவராக, இரண்டு பக்கத்து வருமானமும் தெரிந்தவராக இருக்கவேண்டும். வுப்பர்டாலில் இருந்த எங்கள் ஆட்களோ அநேகமாக என்னைப்போல் இளந்தாரிகள். தங்கள் கலியாணத்துக்கே வழி தெரியாமல் திரிந்தார்கள். அக்காவிடம் சொன்னால் விடிவதற்குள் பிராங்பேர்ட் வரைக்கும் போய்விடும். யோசித்துப் பார்த்ததில், மூன்று தகுதியும் பொருந்தியவர் வரிக் கந்தோர் அம்மா ஒருவர்தான்.

அவளை எப்படியாவது அந்த மேசைக்குக் கொண்டுபோகவேண்டும் என்று, அடுத்த ஞாயிறு அவளிடம் துணிந்து தொடங்கினேன்.

"உங்களிட்டை வரி அட்டை இருக்குதோ?"

"இருக்குது. ஏன்?"

"லைப்ரரியிலை காசில்லாமல் பாத்துக் குடுக்கினம். பிடிச்ச வரி திரும்பி வரும்."

"உங்களுக்கு வந்ததோ?"

"வரும்."

"அப்ப வந்தாப் பிறகு சொல்லுங்கோ."

அக்கா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "போய்ப் பாரன் பிள்ளை. இவர் ஒரு நாளும் உருப்படியாய் ஒண்டும் சொல்லுறேல்லை. இண்டைக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிப்போட்டார்."

வியாழக்கிழமை அவள் வந்தாள். படிவத்தை முழுக்க நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டே இரண்டு சந்தேகங்களை நல்ல ஜெர்மனில் கேட்டு முடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள். நான் அவசரமாக, சம்பளமும் பிடித்த வரியும் பதிந்த என் வரி அட்டையை எடுத்து அவளுடைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஓர் உதாரணத்துக்கு, நானும் இவவும் திருமணம் செய்தால் எவ்வளவு குறையும்?"

அவள் என்னைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. அவர் இரண்டு அட்டைகளையும் நேராக்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு தடித்த புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சாத்திரியார் சாதகம் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அதே முகம், அதே விரல் ஓட்டம், முடிவைச் சொல்லாமல் இழுக்கிற அதே இழுவை. கடைசியில் புத்தகத்தை மூடினார்.

"ஒன்றும் குறையாது" என்றார். "இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு உழைக்கிறீர்கள். சேர்த்துப் பார்த்தாலும் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றுதான். வரியைப் பொறுத்தவரை நீங்கள் திருமணம் செய்ய எந்தக் காரணமும் இல்லை."

நூலகம் என்றபடியால் வரிசை முழுவதற்கும் கேட்டது. நாய் வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்த பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அம்மாவுக்கும் என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும். "இவர் வேலையை விட்டால் குறையும்" என்று அவளைக் காட்டிச் சொன்னார்.

நான் அவள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன். "மனுசி சொல்லுறா, கொஞ்சம் குறையுமாம்."

"எனக்கு டொய்ச் விளங்கும்" என்றாள். பிறகு, "வேலையை விடச் சொன்னதும் விளங்கினது."

அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்து, அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். தொங்குரயில் நிலையத்துப் படிகளையும் அவள் பின்னாலேயே ஏறினேன். கீழே ஆறு ஓடியது. மேடையில் குளிர்காற்று அடித்தது. ஒரு ரயில் ஆடிக்கொண்டு வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அது போய்விட்டது.

"இஞ்சை, ஆரைக் கேட்டு அந்த உதாரணம் சொன்னனீங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"வரி குறைஞ்சிருந்தா?"

"அதைச் சொல்லி உங்களைக் கேக்கலாம் எண்டு இருந்தன்."

"குறையேல்லையே."

"ஓம்." கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தேன். அங்கே தண்டவாளம் தலைக்கு மேல் இருப்பதால், அண்ணாந்து பார்த்தபடிதான் வெட்கப்பட வேண்டியிருந்தது. "கனடாக்காரர் என்ன உழைக்கிறாரோ தெரியாது. என்னட்டை ஒரு நல்ல காரணம் இருந்தது, அதையும் அந்த மனுசி இல்லாமல் பண்ணிப்போட்டா. இனிச் சொல்ல ஒண்டும் கையிலை இல்லை. சும்மாதான் கேக்கிறன். கனடாவுக்குப் போகாதேங்கோ. என்னைக் கட்டுங்கோ."

அடுத்த ரயில் வளைவில் தெரிந்தது. அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலையும் இழுத்துச் சரிசெய்தாள். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"அப்பாவுக்கு நீங்கள் எழுதேக்கை இந்த வரிக்கதையை எழுதாதேங்கோ."