வா என்று சொல்லக் கூடாத வீடு

சாவு வீட்டுக்கு வருகிறவர்களை வா என்று கூப்பிடக் கூடாது. அவர்களும் கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் வர வேண்டும், பேசாமல் எழுந்து போக வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ஆனால் செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரிகிறது. நைனா இறந்த அந்த நாட்களில், வாசலில் ஆள் நிழல் விழுந்தாலே என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா என் தொடையைக் கிள்ளுவாள்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எப்படி ஆச்சு? நைனா செஞ்சியில் நெல் ஏலம் விடும் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். அன்று மதியம் மார்பை அடைக்கிறது என்று சொல்லி மூட்டை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்துக் கூட வேலை செய்கிறவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து எழுப்பினால் கை தொங்கிவிட்டது. இதை முதல் நாள் அழுதுகொண்டே சொன்னேன். பிறகு பாடம் ஒப்பிப்பதைப் போல ஆகிவிட்டது. கேட்பவர்கள் எந்த இடத்தில் உச்சுக் கொட்டுவார்கள் என்று தெரிந்து, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தவும் தொடங்கியிருந்தேன். அதைக் கவனித்தபோது என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். எம்.எஸ்சி. முடித்துத் திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. நைனாவுக்கும் இருந்ததில்லை. தலையில் மூட்டையை வைத்துக்கொண்டே, நெல் விற்க வந்த விவசாயிகளிடம் "எம் பொண்ணு காலேஜ் டீச்சரு, தெரியுமா" என்று சொல்வாராம். அவர் கூட வேலை செய்தவர்கள் பாடையருகே நின்று இதைச் சொல்லித்தான் அழுதார்கள்.

காரியத்துக்கு முன்னால் ஒரு காலையில் என் பள்ளித் தோழிகள் இரண்டு பேர் ஒரே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவள் மேல்சித்தாமூர்க்காரி. ஜைனக் குடும்பம். மனதில் தோன்றுவதை அப்படியே கொட்டிவிடுகிறவள். வண்டி ஓட்டி வந்தவள் எங்கள் ஊரேதான். எங்கள் ஊர் என்றால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள் இருக்கும் காலனி. அவள் அந்தப் பக்கம்.

ஆறாவதிலிருந்து நாங்கள் செஞ்சியில் ஒரே வகுப்பு. அவளிடம் சைக்கிள் இருந்தது. காலனி ஆரம்பிக்கும் தண்ணி டேங்க் முனையில் நின்று பெல் அடிப்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின்னால் ஏறிக்கொள்வேன். பதினொன்றாவதில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் எனக்கும் வந்தது. அதன் பிறகும் அவள் அந்த முனையில் நின்று எனக்காகப் பெல் அடித்தாள். பிரியம் இல்லாமல் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டாவது முடியும் வரை, முனையிலிருந்து நான்காவதாக இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

பெல் சத்தம் கேட்டால் நைனா என்னைவிட முதலில் எழுந்துவிடுவார்.

"உன் பிரெண்டு வந்துட்சி பாரு. உள்ள வரச்சொல்லு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போவட்டும்."

"நேரமாயிடுச்சி நைனா."

"நேரமாயிடுச்சா. சரி, நாளைக்கிச் சொல்லு."

அவர் மறக்கவில்லை. ஒரு நாள் கமிட்டியிலிருந்து திரும்பும்போது தலையில் கவிழ்த்தபடி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்தார். கை வைத்த நாற்காலி. எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நாற்காலி கிடையாது. "அந்தப் பொண்ணு வந்தா கீழயா ஒக்காரும்?" என்று அம்மாவிடம் சொன்னார். கவரைப் பிரிக்க விடவில்லை. நாற்காலி வெகுநாள் கவரோடு சுவரோரம் இருந்தது. அவள் வரவில்லை. அப்புறம் ஒரு பரீட்சை சமயத்தில் நானே கவரைக் கிழித்துவிட்டு அதில் உட்கார்ந்து படித்தேன்.

இப்போது அவள் வந்திருந்தாள். வா என்று சொல்லக் கூடாத நாளில் வந்திருந்தாள்.

மேல்சித்தாமூர்க்காரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக உள்ளே போனாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. இவள் வாசலில் போட்டிருந்த சாமியானாவின் ஓரத்தில், ரோட்டுக்குப் பக்கமாக இருந்த வாடகை நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். நான் ஒப்பித்தேன். நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். அவள் உச்சுக் கொட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போனவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்து எங்கள் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வர்ற வழியெல்லாம் இன்னா பேசறதுன்னு ரெண்டு பேரும் ஒத்திகை பாத்துகினு வந்தோம்டி. ஒன்னுகூட வாயில வர்ல."

"ஒத்திகையா?"

"ஆமா. இவ சொல்றா, தைரியமா இருன்னு சொல்லலாம்னு. நான் சொன்னேன், அது இன்னா, பரீட்சைக்கா போவுது அவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். நான் முந்தானையால் வாயை மூடினேன். நான் அழுகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிலிருந்து பேச்சு நழுவிப் போயிற்று. எங்கே கையைக் காலை வைப்பதென்று தெரியாமல் மனிதர்கள் முழிக்கும் இடங்களைப் பற்றி. கல்யாணத்தில் பந்தி நிறைந்துவிட்டால், சாப்பிடுகிறவர் எழுந்ததும் உட்காருவதற்காக அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் உலகத்திலேயே மோசமான வேலை என்றாள் மேல்சித்தாமூர்க்காரி. "அந்தாளு மோர் ஊத்திக்கும்போது திரும்பி நம்மளப் பாப்பாரு. அப்ப சிரிக்கறதா, இல்ல ஃபேனப் பாக்கறதா?" பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் விடைபெற்றுவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறுவதைப் பற்றி இவள் சொன்னாள். "ஆரணி வரைக்கும் அந்தம்மா ஜன்னலயே பாத்துகினு வந்துச்சு. நான் தூங்கற மாதிரி நடிச்சு, கடைசில நெஜமாவே தூங்கிட்டேன்." கல்லூரியில் சேர்ந்த புதிதில், என்னைவிட வயதான உதவியாளர் எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னபோது நானும் எழுந்து நின்றதை நான் சொன்னேன். யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

பிறகு பள்ளிக்கூடத்துக் கதை. எட்டாவதில் எங்களைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். ராஜகிரிமேல் ஏறிக்கொண்டிருந்தபோது இவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"என் கண்ணு முன்னாடியே தெறந்து துன்னுதுடி அது. எங்கம்மா போட்ட தயிர் சாதம். ஊறுகாய மட்டும் வழிச்சிக் கீழ போட்டுச்சு."

"அது வயித்துக்கு ஒத்துக்காதுன்னு போட்டிருக்கும்" என்றாள் மேல்சித்தாமூர்க்காரி.

"அப்புறம் இவ டப்பாவுல புளிசாதம் துன்னேன். அந்த மாதிரி புளிசாதம் அதுக்கப்புறம் நான் சாப்ட்டதே இல்ல."

என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கும் நினைவிருந்தது. ஒரே டப்பாவில் இரண்டு பேரும் கைவிட்டுச் சாப்பிட்டோம். கடைசிப் பருக்கைக்குச் சண்டை போட்டோம். அது மலைமேல். அன்று சாயந்திரம் கீழே இறங்கி வந்து, டேங்க் முனையில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

"நீயும் லேசுப்பட்டவ இல்ல" என்று அவளே தொடர்ந்தாள். "அந்த முனைல நின்னு ஒரு பெல்லுதான் அடிப்பேன். ரிப்பன் ஒரு கைல, பை ஒரு கைல, அப்டியே பறந்து வருவ. என் சைக்கிள் பெல்ல இப்பக்கூட கனவுல கேக்கறேன் தெரியுமா."

"ஏன்டி, நாலாவது வூடு" என்றாள் மேல்சித்தாமூர்க்காரி. குறும்பாகக்கூடக் கேட்கவில்லை. வீட்டையும் முனையையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "இங்க வந்து கூப்ட்டா இன்னா? எதுக்கு அங்கயே நின்னு பெல்லு அடிச்ச?"

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வண்டிய உள்ள கொண்டாந்தா பசங்க காத்தப் புடுங்கி விட்ருவானுங்கன்னு அம்மா சொல்லும்" என்றாள் அவள்.

அந்தப் பசங்களில் ஒருவன் என் தம்பி. மொட்டையடித்த தலையோடு அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். காதில் விழாததுபோல உள்ளே போய்விட்டான்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். எதிர்முனைப் பேச்சு கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது. சாமியானாவுக்குள் எவ்வளவு தள்ளிப் போய்விட முடியும்?

"ஆமாம்மா, வந்துட்டோம்... இல்லம்மா. வெளியதான் ஒக்காந்துகினு இருக்கேன்... இல்ல, ஒன்னும் குடிக்கல... உள்ள போவலம்மா. சரி. சரி, வைக்கிறேன்."

திரும்பினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு நாளாக இருந்தால் நான் எதையாவது சொல்லி அவளைக் காப்பாற்றியிருப்பேன். அந்த வேலையைத்தான் இத்தனை வருஷமும் செய்திருக்கிறேன். நேரமாயிடுச்சி நைனா என்று சொன்னதும் அதுதான்.

அவள் போனைக் கைப்பையில் போட்டாள். எழுந்தாள். வாசற்படி வரை நடந்தாள். செருப்பைக் கழற்றினாள். அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வா என்று ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றாள். எனக்கு அது தெரிந்தது. நைனா தினமும் சொல்லச் சொன்ன வார்த்தை. பெரியம்மாவின் கை என் தொடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்தக் கைக்கு அன்று வேலை இல்லை. சொல்லக் கூடாது என்ற வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனேன்.

நைனாவின் படத்துக்கு மாலை போட்டு அந்தச் சிவப்பு நாற்காலியில்தான் வைத்திருந்தோம். வேறு எதில் வைப்பது? முன்னால் ஒரு படி நெல்லும் விளக்கும். அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள். வந்தவள் யார் என்று அடையாளம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் பேசினாள். ஒப்பாரிப் பாட்டாக இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"யோவ். உன் பொண்ணோட பிரெண்டு வந்துருக்குது பாரு. எழுந்திரு. நாற்காலிய உடு."

அதற்குப் பிறகுதான் அம்மா உடைந்தாள். சுற்றியிருந்த பெண்கள் சேர்ந்து அழுதார்கள். அவள் என் அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான். அதை நான் சந்தேகப்படவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மேல்சித்தாமூர்க்காரியும் வேண்டாம் என்றாள். சாவு வீட்டில் பலரும் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள், "எந்த நாற்காலிடி? அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒன்னுமில்ல" என்றேன். "பொலம்புது."

இரண்டு பேரும் போய் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பினார்கள். அதுதான் முறை. வண்டி டேங்க் முனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனில் அவளிடமிருந்து செய்தி வந்தது. வீட்டுக்கு வந்துட்டேன், தலைக்குக் குளிச்சிட்டுப் பேசறேன் என்று. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் நானும்தான் தலைக்குக் குளிக்கிறேன். யாராக இருந்தாலும் குளிப்பார்கள். அன்று அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு முறை இருந்தது. வெளியே உட்கார்ந்தது, தண்ணீரைத் தொடாதது, வரேன் என்று சொல்லாதது, குளித்தது. எது சாவுக்காக, எது எங்களுக்காக என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆய்வகத்தில் கலந்துபோன உப்புகளைப் பிரித்துக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இது எனக்கு வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் உள்ளே போனதைச் சொன்னாளா என்பதும் எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்தது. சாமியானாவைப் பிரித்துக்கொண்டு போனார்கள். தம்பி ஆணியடித்து நைனாவின் படத்தைச் சுவரில் மாட்டினான். அம்மா நாற்காலியைக் கழுவி வெயிலில் காயவைத்து, பழைய இடத்திலேயே கொண்டு வந்து போட்டாள்.

"இனிமே யாரையும் வான்னு கூப்டலாம்" என்றாள். "அந்தப் பொண்ண ஒரு நாளு வரச்சொல்லேன். ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போவட்டும்."

நைனாவின் வார்த்தைகளையே சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முனை வரைக்கும் வழி தெரியும்மா அதுக்கு" என்றேன். "நாலாவது வூடுன்னும் இப்ப தெரியும். வந்தா வான்னு சொல்றேன். நான் போயி கூப்டறதா இல்ல."

"ஏன்டி இப்பிடி இருக்கற."

திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கிடந்தன. எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் இன்னும் வெயில் சூடாக இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்தால் எழுந்து இடம் கொடு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.